விருந்தினர்க்கு ஒரு வழிச்சீட்டு

வீட்டை நாட்கணக்கில் வாடகைக்கு விடுவது இன்று கெடா மாநிலப் பட்டணங்களில் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் முதலிய இடங்களில் தாமான்களுக்குள்ளே ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை தொங்கும் வீடுகளைக் காணலாம். திருமணத்திற்கு வருவோர், தைப்பூசத்திற்கு வருவோர், செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வருவோர் எனப் பலரும் இரண்டு நாளோ மூன்று நாளோ தங்கிச் செல்கின்றனர். அவர்களுக்காக வீட்டுக்காரர் சுவரில் ஒரு தாளை ஒட்டி வைப்பதும் வழக்கம். அத்தாளில் பெரும்பாலும் இருப்பன யாவை? இணையக் கடவுச்சொல், ‘புகை பிடிக்காதீர்’, ‘சத்தம் போடாதீர்’, பார்க்க வேண்டிய பத்து இடங்களின் பெயர். கடவுச்சொல் தேவைதான். தடைகள் வீட்டைக் காக்க எழுதப்பட்டவை. இடங்களின் பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்கும். விருந்தினரைக் காக்கும் வரி ஒன்றேனும் அதில் உண்டா என்பதே கேள்வி.

வழி சொல்லும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறியவனுக்குத் தான் போய்வந்த வழியை எடுத்துரைப்பதே அவற்றுள் நான்கின் அமைப்பு. போய்வந்தவன் சொல்வது என்பதைக் கவனிக்க வேண்டும். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடி கொண்டது. நன்னனுடைய புகழ் ஒருபுறம் இருக்க, அப்பாட்டின் பெரும்பகுதி வழியின் இடர்களைப் பற்றியது. காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, யானையை விரட்டத் தினைப்புனத்தார் கவணில் எறியும் கல், கால் வழுக்கும் பாறை ஆகிய யாவும் முன்கூட்டியே சொல்லப்படுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையோ காஞ்சிக்குச் செல்லும் வழியில் எந்த மக்களிடம் எந்த உணவு கிடைக்கும் என்பதை ஊர் ஊராக உரைக்கின்றது. இதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தில் வந்திறங்கும் காழகத்துப் பொருள்களும் பேசப்படுகின்றன. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கூறினார். அந்தக் கடாரமே இந்தக் கெடா.

ஆற்றுப்படையின் முறையை இக்காலச் சீட்டுக்குக் கொண்டுவரலாம். ஊரார்க்குத் தெரிந்து, வந்தவர்க்குத் தெரியாத செய்தி எது என்று தேடுவதே அம்முறை.

கெடாவில் அத்தகைய முதற் செய்தி கிழமை பற்றியது. இங்கே அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வருபவர் வெள்ளிக்கிழமை காலையில் வங்கிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். ஞாயிறன்று காலை பள்ளிக்கூட வாகனங்களின் நெரிசலில் அகப்பட்டுத் திருமண முகூர்த்தத்தைத் தவறவிடவும் கூடும். வெள்ளி நண்பகல் தொழுகை வேளையில் பல கடைகள் அடைத்திருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்கு இவை மூச்சு விடுவதுபோல் இயல்பானவை. ஆதலாலேயே எழுத மறந்துவிடுகின்றனர்.

அடுத்தது இடப்பெயர். ‘சிடாம் கிரி’ என்ற பெயரைக் கேட்ட தமிழர் சத்தியகிரி, நீலகிரி போல ஏதோ ஒரு மலை என்று எண்ணக்கூடும். மலாய் மொழியில் கிரி என்றால் இடது. கானான் என்றால் வலது. சிடாம் கிரி கோல மூடா மாவட்டத்தில் அடங்கிய முக்கிம். சிடாம் கானான் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பாதிப் பெயரைச் சொன்னால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ச் சேரலாம். ‘பத்து பகாட்’ என்ற பெயரும் இவ்வாறே. மெர்போக்கில் உள்ள தொல்பொருட் காட்சிசாலை புக்கிட் பத்து பகாட் அடிவாரத்தில் இருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் ‘புக்கிட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், அது ஜொகூர் மாநிலத்துப் பட்டணத்திற்கு வழி காட்டும். நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணிக்குத் தெற்கு (செலாத்தான்), வடக்கு (உத்தாரா) என இரண்டு வெளியேறும் வழிகள் உண்டு. எந்த வழியில் இறங்க வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதினால் போதாது. வீடு வந்து சேர்வதற்கு முன்பே செய்தியாக அனுப்பிவிட வேண்டும்.

நள்ளிரவில் முதியவர் ஒருவர்க்கு நெஞ்சு வலி வந்தால் என்ன நடக்கும்? உறவினர் 999 எண்ணை அழைப்பார். ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு அவரிடம் விடை இராது. ‘வாடகை வீடு, கோவிலுக்குப் பக்கம்’ என்பார். எந்தக் கோவில்? தோட்டப்புறத்தில் கோவிலுக்கா பஞ்சம்! ஆகவே வீட்டு எண், லோரோங், தாமான், அஞ்சற்குறி எண், முக்கிம் யாவும் மலாயில், பெரிய எழுத்தில், தொலைபேசியில் அப்படியே படித்துக் காட்டத்தக்க வகையில் இருத்தல் வேண்டும். லோரோங் 3 என்பதற்கும் லோரோங் 3/1 என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்நேரத்தில் சிறிதன்று. சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குச் செல்லும் வழியையும், வெள்ளிக்கிழமை திறந்திருக்கும் மருந்தகம் எது என்பதையும் அதனடியில் எழுதலாம். பிரான்சில் 1900ஆம் ஆண்டு மிஷலின் டயர் நிறுவனம் வெளியிட்ட முதற் கையேட்டிலும் டயர் மாற்றும் முறை, பழுதுபார்க்கும் இடம், மருத்துவர் ஆகிய விவரங்களே இருந்தன. இன்று உலகம் அறிந்த உணவக நட்சத்திரம் 1926இல்தான் வந்தது.

காட்சி இடங்களை எழுதவே கூடாது என்பதில்லை. 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் அகழ்ந்து கண்ட புக்கிட் பத்து பகாட் கோவிலடித்தளம் பின்னர்ப் புனரமைக்கப்பட்டு, இன்றும் அந்தக் காட்சிசாலையை அடுத்து நிற்கின்றது. கெடாவுக்கு வந்த தமிழர் அதைப் பாராமல் போவது வருந்தத்தக்கது. ஆனால் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் கொண்ட சண்டி, அதாவது பண்டைய கோவிற் சின்னம், 2013ஆம் ஆண்டில் நில மேம்பாட்டு வேலைக்காக இடிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் எழுதிய சீட்டை இன்றும் ஒட்டி வைத்திருப்பவர், விருந்தினரை வெற்று நிலத்திற்கு அனுப்புகிறார். எனவே சீட்டின் அடியில் எழுதிய மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். தைப்பூசத்திற்குச் சில நாள் முன்பாக, தேர் வரும் தெருக்கள் எந்நேரம் அடைபடும் என்று ஆலயத்தாரிடம் கேட்டு ஒரு தனித்தாள் சேர்ப்பது நலம்.

எழுதி முடித்த சீட்டை வீட்டுக்காரரே படித்துப் பார்ப்பதில் பயன் குறைவு. கெடாவை அறியாத உறவினர் ஒருவரிடம் அதை மட்டும் கொடுத்து, தொடருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். அவர் எங்கே நின்று தொலைபேசியில் வழி கேட்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது.