வான் தீவின் செயற்கைப் பாறைகளும் கொந்தளிப்பில் ஆற்றல் இழப்பும்

வான் தீவு என்பது மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு அருகே உள்ள, மக்கள் வசிக்காத சிறு தீவு ஆகும். வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் ஏற்கெனவே கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. அலையைத் தாங்கிய பாறை போனதும் அலை நேரே மணலில் மோதியது. வான் தீவும் அவ்வாறே சுருங்கி வந்ததால், 2015 முதல் அதன் கடற்புறத்தில் துளைகள் கொண்ட சரிவக வடிவச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. சென்னை ஐஐடியும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் இப்பணியில் பங்கேற்றன.

ஆற்றல் எங்கே போகிறது?

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 1 மீட்டர் உயர அலையில், ஒரு சதுர மீட்டர் கடற்பரப்புக்கு ஏறத்தாழ 1,250 ஜூல் ஆற்றல் உண்டு. பாறையைக் கடந்தபின் உயரம் பாதியானால் எஞ்சுவது கால் பங்கே. மீதியில் ஒரு பகுதி கடலை நோக்கித் திரும்பிவிடும். ஒரு பகுதி அலை உடைவதில் போகும். மற்றொரு பகுதி பாறையின் விளிம்பிலும் துளைகளிலும் நீர் கிழிபட்டு, பின்புறம் சுழல்களாகிறது. பெரிய சுழல்கள் சிறியனவாக உடைந்துகொண்டே போய், மிகச் சிறியவற்றில் நீரின் பாகுநிலையால் ஆற்றல் வெப்பமாகிறது.

அளக்கும் முறை

இந்த வெப்பத்தை வெப்பமானியால் கண்டுபிடிக்க இயலாது. 1 மீட்டர் அளவுள்ள சுழல் நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் சுழன்றால், இழப்பு வீதம் கிலோகிராமுக்குச் சுமார் 0.001 வாட். ஒரு மணி நேரம் தொடர்ந்தாலும் நீர் ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சூடாகாது. எனவே திசைவேகத்தின் ஏற்ற இறக்கத்தையே அளக்கிறார்கள். ஒலி டாப்ளர் திசைவேகமானி நீரில் ஒலித்துடிப்பை அனுப்பி, மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, நொடிக்குப் பல முறை வேகத்தைக் கணிக்கிறது.

ஆனால் மேற்கண்ட நிலையில் கடைசிச் சுழல்களின் அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர், கருவியோ பல மில்லிமீட்டர் அகல நீரின் சராசரியைத்தான் காண்கிறது. இந்த இடைவெளியைக் கடக்க 1941 இல் ருசியக் கணிதவியலாளர் கோல்மோகொரோவ் வெளியிட்ட கோட்பாடு உதவுகிறது. இடைப்பட்ட அளவுச் சுழல்கள் ஆற்றலைக் கைமாற்றி விடுவதோடு சரி, இழப்பதில்லை. அவற்றின் ஆற்றல் நிறமாலை -5/3 என்ற அடுக்கில் சரிகிறது. அந்தச் சரிவுக்கோட்டின் உயரத்தைக் கொண்டு, கருவிக்கு எட்டாத சிறு சுழல்களில் நிகழும் இழப்பைக் கணக்கிடலாம்.

கடலில் இதிலும் சிக்கல் உண்டு. காலத்தில் எடுத்த பதிவை நீளமாக மாற்றும்போது, சுழல்கள் உருமாறாமல் ஒரே திசையில் கருவியைக் கடப்பதாகக் கொள்வது வழக்கம். டெய்லர் 1938 இல் முன்வைத்த இக்கருதுகோள் ஆற்றுக்குப் பொருந்தும். பாறைக்குப் பின்னாலோ நீர் சில நொடிகளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அலைவதால், ஒரே சுழல் கருவியை இருமுறை கடக்கக்கூடும். இதற்கான திருத்தத்தை லம்லி, டெர்ரே ஆகியோர் 1983 இல் வகுத்தனர்.

பாறைக்கு முன்னும் பின்னும் அலைமானி வைத்தாலே மொத்த இழப்பு தெரிந்துவிடும், மெய்தான். அது எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதை அலைமானி காட்டாது. கடற்தரையை ஒட்டிச் சுழல்கள் வலுத்தால் வண்டல் கிளம்பும். அது செயற்கைப் பாறையில் புதிதாக ஒட்டி வளரும் பவளங்களின் மேல் படிந்து அவற்றை மூடிவிடும்.