முழங்கால் நோவும் மருத்துவப் படங்களும்

“முழங்கால் தேய்ந்துவிட்டதாம், படத்தில் தெரிகிறதாம்.” எமது வீடுகளில் உம்மம்மாமார் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. இதைக் கேட்ட நாளிலிருந்து சிலர் நடப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர், படம் எடுக்காத வைத்தியர் தம்மைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மனம் நோகிறார்கள். அந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று அறிந்தால் இவ்விரு கவலைகளும் குறையும்.

முழங்கால் மூட்டில் தொடை என்பும் கணைக்கால் என்பும் சந்திக்கின்றன. முன்னால் முழங்காற்சில்லு உள்ளது. என்புகளின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. இதற்குக் குருதிக்கலன்கள் இல்லாததால், பழுதடைந்தால் இலகுவில் திருந்தாது. வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை என்பன சேர்ந்து இம்மூட்டைப் பாதிப்பதையே மூட்டுத் தேய்வு நோய் என்கிறோம்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர் 1884 இல் காலமானார். அவரது மாணவர்கள் உயிருள்ள ஒருவரின் முழங்கால் என்பைக் காண வழியே இருக்கவில்லை. 1895 நவம்பர் 8 ஆம் திகதி ஜேர்மனியில் ரொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் அவர் தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது விரல் என்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. 1901 இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

என்பிலுள்ள கல்சியம் எக்ஸ் கதிரை அதிகம் உறிஞ்சுவதால் என்பு வெள்ளையாகத் தெரிகிறது. கசியிழையம் தெரிவதில்லை. ஆகவே இரு என்புகளுக்கும் இடையில் தெரியும் கருமையான இடைவெளி வெற்றிடமன்று. கசியிழையம் இருக்கும் இடம் அது. அது ஒடுங்கியிருந்தால் கசியிழையம் குறைந்துள்ளது என வைத்தியர் ஊகிக்கிறார். படுத்திருக்கும்போது இவ்வொடுக்கம் மறைந்துவிடலாம். அதனாலேயே நிற்கவைத்துப் படமெடுக்கிறார்கள். என்பின் ஓரத்தில் முள் போன்ற வளர்ச்சியும் தேய்வின் அடையாளமே. இவற்றைக் கொண்டு கெல்கிறன், லோறன்ஸ் என்னும் இருவர் 1957 இல் வகுத்த 0 முதல் 4 வரையான படிநிலைகள் இன்றும் பயன்படுகின்றன.

ஆனால் படிநிலை வேறு, நோவு வேறு. படத்தில் தேய்வு அதிகம் தெரியும் சிலர் சுகமாக நடக்கிறார்கள். சிறிதளவே தெரியும் சிலர் சுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் தவிக்கிறார்கள். தொடைத் தசையின் பலவீனமும் மூட்டு மென்சவ்வின் அழற்சியும் நோவைக் கூட்டும். இவை எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதில்லை. 45 வயதைத் தாண்டியவருக்கு, அசையும்போது மூட்டு நோவும், காலையில் விறைப்பு இல்லாமலோ அரை மணித்தியாலத்துக்கு மேற்படாமலோ இருந்தால், வேறு ஐயம் எதுவும் இல்லாதவிடத்துப் படமின்றியே தேய்வு நோயென முடிவுசெய்யலாம் என்பது பிரித்தானியாவின் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டல். ஆகவே படம் எடுக்காத வைத்தியர் அலட்சியம் செய்தவர் அல்லர்.

அப்படியானால் படம் எப்போது தேவை? விழுந்து அடிபட்டபின் காலூன்ற முடியாதபோது, மூட்டு திடீரென வீங்கும்போது, நோவு வேகமாகக் கூடும்போது, சத்திரசிகிச்சைக்குத் திட்டமிடும்போது தேவை. செயற்கை மூட்டுப் பொருத்துமுன் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீண்ட படம் எடுத்துக் காலின் வளைவை அளப்பதும் உண்டு. முழங்கால் படமொன்றின் கதிர்வீச்சு மிகச் சிறிது. இயற்கையிலிருந்து ஏறத்தாழ ஒரு நாளில் நாம் பெறும் அளவே அது.

காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, கை மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அப்போது கழியொலி ஸ்கான் மென்சவ்வின் அழற்சியையும் மூட்டில் தேங்கிய நீரையும் காட்டும். இந்நோய்க்குத் தாமதியாமல் மருந்து தொடங்குவது முக்கியம். எம்.ஆர்.ஐ. ஸ்கான், நீரிலுள்ள ஐதரசன் கருக்களை வலிய காந்தப்புலத்தில் தூண்டிக் கசியிழையத்தையும் இணையங்களையும் காட்டுகிறது. இதில் எக்ஸ் கதிர் இல்லை. எனினும் நகைகளைக் கழற்ற வேண்டும், உடலில் பொருத்திய கருவி ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வயதானோரில் நோவே தராத சிறு கிழிசல்களையும் இது காட்டுவதால், எல்லோருக்கும் இது அவசியமில்லை.

படம் நோயைக் காட்டும், மாற்றாது. தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, அளவான நடை, நிறைக் குறைப்பு என்பனவே முதற் சிகிச்சை. நிறை கூடிய முழங்கால் நோயாளரிடம் செய்யப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்று, ஒரு கிலோ நிறை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாகக் கண்டது. குனிய இயலாதவர் கதிரையில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் தொழுகைக்குக் கதிரை எடுத்தவர் நாள் முழுவதும் கதிரையிலேயே இருந்துவிடக் கூடாது.

அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களுடன் வைத்தியசாலைக்குச் செல்லும்போது பழைய படங்களையும் கொண்டுசெல்லுங்கள். “இந்தப் படத்தால் சிகிச்சை மாறுமா? இவர் என்ன பயிற்சி செய்யலாம்?” என்று வைத்தியரிடம் கேளுங்கள். கிடைக்கும் பதிலை வீட்டில் அவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வது, படிக்கும் பிள்ளைகளாகிய எம்மால் இன்றே செய்யக்கூடிய உதவி.