முதிய மோட்டார் வண்டியைப் பேணுதல்

யானையை வாங்குதல் எளிது, அதற்குத் தீனியிடுதல் அரிது என்பர். 2022-ஆம் ஆண்டு ஆனித் திங்களில், திருவானைக்காவில் உள்ள எம் சிறிய தந்தையார் இல்லத்து வாயிலில் யானையனைய மோட்டார் வண்டியொன்று வந்து நின்றபொழுது, எம் பாட்டியார் கூறிய முதற்சொல் இதுவே. நான்கு சக்கரங்களும் ஒருங்கே எஞ்சினால் இயக்கப்பெறும் வகையினது அவ்வண்டி. தோலிருக்கைகளும் குளிர்காற்றுக் கருவியும் உடையது. 2011-இல் பதிவு பெற்றது. புதிதாயிருந்த காலத்தில் பதினெட்டு இலட்சம் ரூபாய் பெற்ற அதனைச் சிறிய தந்தையார் நாலரை இலட்சத்திற்கு வாங்கினார். அப்பொருள் அவர்தம் மகள் செவிலியர் கல்லூரியிற் சேர்தற்கென அஞ்சலகத்திற் சேமிக்கப்பெற்றிருந்தது. அம்மகள் அப்பொழுது ஒன்பதாம் வகுப்பினள். "இன்னும் காலம் கிடக்கிறதே" என்பது சிறிய தந்தையாரின் கணக்கு. அவள் இப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கின்றாள்.

இத்தகைய வண்டியை வாங்க எண்ணுவார்க்கும், வாங்கிவிட்டு விழிப்பார்க்கும் பயன்படுமென்று கருதி, சனிக்கிழமைதோறும் அதன் அடியிற் கிடந்து யாம் கற்றவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இவ்வேலை எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். இலக்கணத்திற் போலவே ஈண்டும் உறுப்புக்களைப் பிரித்துக் காண்டலே தொழில். கையில் மை ஒட்டுவதற்குப் பதிலாகக் கிரீசு ஒட்டும், அவ்வளவே வேறுபாடு.

நாற்சக்கர இயக்கம் என்பது யாது என முதற்கண் காண்போம். மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வன. திருவரங்கத்து வீதி மூலையொன்றில் வண்டி திரும்புங்கால் வெளிப்புறச் சக்கரம் நெடுவழியும் உட்புறச் சக்கரம் குறுவழியும் செல்லும். தத்தம் விரைவில் உருளுதலின் அவற்றிற்கு இடரில்லை. மோட்டார் வண்டியிலோ இரு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றுகின்றது. ஒரே தண்டில் அவை இறுகப் பிணிக்கப்பட்டிருப்பின், திரும்புந்தோறும் ஒன்று மற்றொன்றைத் தரையில் இழுத்துத் தேய்க்கும். இவ்விடர் நீங்கவே, இரண்டிற்கும் ஆற்றலைப் பகிர்ந்து, வேறு வேறு விரைவிற் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி ஒன்றை நடுவே அமைத்தனர். டிஃபரென்ஷியல் என்பது அதுவே. அதன்கண் ஒரு குறையும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்குமாயின் அதுவே வெறிதே சுழலும். உறுதியான தரையில் நிற்கும் மற்றைச் சக்கரம் வாளா நிற்கும். அந்நிலையில் முன்சக்கரங்களுக்கும் ஆற்றலை அனுப்பி வண்டியை மீட்பதே நாற்சக்கர இயக்கத்தின் பயன்.

இவ்வியக்கம் இருவகைப்படும். எஞ்ஞான்றும் நான்கு சக்கரங்களும் இயங்குவது ஒன்று. வேண்டும்போது மட்டும் முன்சக்கரங்களைப் பிணைத்துக்கொள்வது மற்றொன்று. முன்னதில் முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே மூன்றாவது டிஃபரென்ஷியல் ஒன்று உளது. பின்னதில் அஃது இல்லை. எம் வண்டி பின்னதைச் சார்ந்தது. அஃதறியாத சிறிய தந்தையார், வாங்கிய ஊக்கத்தில் நாற்சக்கர இயக்கத்தை முடுக்கியே தார்ச்சாலையிற் சமயபுரம் வரை ஓட்டிச் சென்றார். வளைவுதோறும் வண்டி விம்மியது. மீண்டு வந்து தெருவில் திரும்பும்போது சக்கரங்கள் கீச்சிட்டுத் தத்தின. காரணம் இது: திரும்புங்கால் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் நெடுவழி செல்கின்றன. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தாரில் வழுக்க இடமின்மையால் தண்டுகளில் முறுக்கேறி, டயர் தேயும். முடிவிற் பற்சக்கரம் முறியும். இத்தகைய வண்டியை வாங்குவோர் அதன் கையேட்டின் இவ்வொரு பக்கத்தையேனும் படித்தல் வேண்டும்.

இனி, இவ்வகை வண்டிகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இரண்டாம் உலகப்போரிற் பெயர்பெற்ற ஜீப்பும், 1948-இல் இங்கிலாந்தில் தோன்றிய லேண்ட் ரோவரும் உழைப்பிற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் இன்பம் நாடியவர் இலர். 1970-இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரே, சுருள்வில்களின்மீது மெத்தென ஊர்ந்து, காட்டையும் நகரையும் ஒருங்கே ஆளலாம் என்று காட்டியது. நம் நாட்டில், அதிலும் நம் மாகாணத்திலேயே, அவ்வழி வந்தவை உருவாயின. திருவள்ளூரில் 2002 முதல் மிட்சுபிஷி பஜேரோவும், மறைமலைநகரில் 2003 முதல் ஃபோர்டு எண்டெவரும் செய்யப்பெற்றன. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவிற் கார் செய்தலை நிறுத்துவதாக அறிவித்தது. பஜேரோ அதற்கு முன்னரே நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டிகள் இன்றும் திருச்சிராப்பள்ளித் தெருக்களிற் செல்லக் காண்கிறோம். எம் வண்டி எந்நிறுவனத்தது என்பதைக் கூறாது விடுகின்றோம். முதுமையால் வரும் நோய் ஈன்றோர் குற்றமாகாது.

முதிய வண்டி மலிவாகக் கிடைப்பது ஏன்? விலை வீழ்ந்தாலும் அதன் உறுப்புக்களின் விலை வீழ்வதில்லை என்பதே விடை. நாலரை இலட்சத்து வண்டிக்கும் பதினெட்டு இலட்சத்து வண்டியின் டயரே வேண்டும். நான்கு டயருக்கு யாம் ஐம்பத்தீராயிரம் கொடுத்தோம். அன்றியும், டில்லி வட்டாரத்திற் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அதன்பின் ஆங்கிருந்து தெற்கே மலிவாக வந்தவை பல. அவற்றை வாங்குவோர் முந்தைய மாநிலத்தின் தடையின்மைச் சான்றை முதலிற் கண்டு, பின்னரே விலை பேசுக.

செப்பனிடும் முறைக்கு வருவோம். முதற்பாடத்தை எமக்கு உணர்த்தியவர் பாட்டியாரே. எம் பாட்டனார் லாரி ஓட்டியவர். அவரைக் கண்டு பழகிய பாட்டியார், "கழற்றின சக்கரத்தை வண்டிக்கடியிலே போடுங்கடா" என்று ஓயாது சொல்லுவார். யாம் நகைப்போம். ஒரு நாள், பாட்டியார் வாய் ஓயட்டுமென்றே, கழற்றிய சக்கரத்தைச் சட்டத்தின் அடியில் உருட்டிவிட்டோம். சிறிய தந்தையார் உள்ளே கிடந்து ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். முன்னிரவிற் பெய்த மழையில் ஊறியிருந்த அவ்வாற்றங்கரை மண்ணில் ஜாக்கியின் அடி மெல்ல அமிழ்ந்து சாய்ந்தது. ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள வண்டி இறங்கிச் சக்கரத்தின்மீது அமர்ந்தது. சட்டத்திற்கும் அவர் மார்பிற்கும் இடையே எஞ்சியது நான்கு விரற்கடை. அன்று மாலை எவரும் உணவு கொள்ளவில்லை.

ஜாக்கி தூக்குதற்கே உரியது, தாங்குதற்கு உரியதன்று. கெட்டித் தரையில், இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்திய பின்னரே அடியிற் புகுதல் வேண்டும். நாற்சக்கர வண்டியில் இன்னுமொரு கரவு உண்டு. கைப்பிரேக்கு பெரும்பாலும் பின்சக்கரங்களையே பற்றும். ஆதலின் பின்புறத்தைத் தூக்கினால் அது பயனற்றதாகும். கியரில் நிறுத்தியிருந்தாலும், ஆற்றலை முன்னும் பின்னும் பகிரும் பெட்டி நடுநிலையில் இருப்பின் வண்டி உருண்டோடும். ஆகவே தேருக்கு இடுவது போல முட்டுக்கட்டை இடுக.

இவற்றைக் கடைப்பிடிப்பின் இல்லத்திற் செய்யத்தக்கவை பலவாம். எஞ்சின் எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றுதல். டீசல் வடிகட்டியின் அடியிற் றேங்கும் நீரை வடித்தல். சுழல்தண்டின் கிராசுகளுக்குக் கிரீசு ஏற்றுதல். முன் பின் டிஃபரென்ஷியல்களிலும் பகிர்வுப் பெட்டியிலும் உள்ள எண்ணெயைப் பார்த்தல். இறுதியிற் கூறியதைப் பலர் மறப்பர். சிறு காரில் இல்லாத உறுப்புக்கள் ஆதலின் அவை நினைவுக்கு வருவதில்லை. எம் வண்டியின் பகிர்வுப் பெட்டியில் இருந்த எண்ணெய் தார்போற் கறுத்திருந்தது. சில எஞ்சின்களில் வால்வுகளை இயக்குவது இரப்பர் வார். அது மாற்றப்பட்டதற்குச் சான்றில்லையேல் உடனே மாற்றுக. ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும்.

முதிய வண்டியில் இரும்பினும் முன்னர் மடிவது இரப்பர். நம் ஊர் வெயிலில் புஷ்களும் குழாய்களும் வெடித்துவிடுகின்றன. எம் வண்டியின் முன்புறத்தில் முதலிலிருந்தே 'டொக்கு டொக்கு' என்றோர் ஒலி கேட்டது. 1976-இல் திறக்கப்பெற்ற காவிரிப் பாலத்தின் இணைப்புக்கள் அக்காலத்துத் தேய்ந்து கிடந்தமையால், அவ்வொலி பாலத்தினது என்றே சிறிய தந்தையார் வாதிட்டார். 2022 செப்டம்பரிற் பாலத்தைப் பழுதுபார்க்க அடைத்தனர். 2023 மார்ச்சில் திறந்தனர். புதுக்கிய பாலத்தின்மீதும் ஒலி கேட்டது. அன்றே வழக்குத் தோற்றது. வேண்டிய புஷ் ஒன்று கடைகளிற் கிடைக்கவில்லை. துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பழையதை அளந்து புதிதாகக் கடைந்து கொடுத்தார். பெல் தொழிற்சாலையைச் சூழ எழுந்த அப்பட்டறைகள் இவ்வூரார் பெற்ற பேறு. திருவாரூர் ஆழித்தேருக்கே இரும்புச் சக்கரமும் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது திருச்சிப் பெல் அன்றோ!

மின்சாரக் கோளாறுகளைப் பற்றி ஒன்று. எம் வண்டியின் முகப்பிலுள்ள எச்சரிக்கை விளக்குகள் ஒருநாள் ஒருங்கே எரிந்தன. நகரத்துப் பட்டறை ஒன்றில் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டுமென்று அறுபதினாயிரம் கேட்டனர். பாலக்கரையில் உள்ள பாய் ஒருவரிடம் காட்டினோம். "தம்பி, அந்தப் பாட்டரி எர்த்து வயரைப் பார்த்தீங்களா?" என்றார். பாட்டரியிலிருந்து சட்டத்திற்குச் செல்லும் கம்பியின் முனை பச்சைப் பாசி போற் களிம்பேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினோம், விளக்குகள் அணைந்தன. அவர் பெற்றது ஒரு தேநீர். அன்றுமுதல் எளியதைப் பார்த்த பின்னரே அரியதைப் பார்க்கின்றோம்.

இல்லத்திற் றொடலாகாதனவும் உள. புதிய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் 1,000 வளிமண்டல அழுத்தத்திற்கும் மேற்பட்டு நிற்கும். அதன் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பின் தோலைத் துளைத்து உட்புகும். மோதற்காலத்தில் விரியும் காற்றுப்பைகளும் குளிர்காற்றுக் கருவியின் வாயுவும் அத்தகையனவே. பிரேக்கின் கட்டைகளை மாற்றுதல் கற்றோர்க்கு எளிது. ஆயின் அதன் திரவத்தைப் பற்றிப் பலர் கருதுவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எழுபது கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலையினின்று இறங்கும்போது பிரேக்கு கொதிக்கக் காய்ந்தால், திரவத்திலுள்ள நீர் ஆவியாகி மிதி பஞ்சுபோல் அமிழும்; வண்டி நில்லாது. இரண்டாண்டிற்கொருமுறை அதனைத் தேர்ந்தவரிடம் கொடுத்து மாற்றுக. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினையே தடையாகக் கொள்க; பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை கரடுமுரடான மலைத்தடத்து இறக்கத்திற்கும் உதவும் என்பதை அறிந்தோர் சிலரே.

சட்டமும் ஒன்று உளது. தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டிற்கே செல்லும். பின்னர்ச் சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டிற்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். அதற்குரிய கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். இருபதாண்டு கடந்தவற்றிற்கு 2025-இல் 10,000 ஆக்கினர். வெளிநாட்டினின்று நேரே இறக்கிய கார்களுக்கு இது பன்மடங்கு. எம் வண்டிக்கு அந்நாள் 2026-இல் வருகின்றது.

சிற்றன்னையார் முதல்நாள் தொட்டு ஒரு குறிப்பேடு எழுதி வருகின்றார். டீசல் நீங்கலாக, இதுவரை செலவானது இரண்டு இலட்சத்து முப்பத்தேழாயிரம். யாம் கையாற் செய்தவற்றிற்குக் கூலி கொடுத்திருப்பின் இன்னும் எண்பதினாயிரம் ஆகியிருக்கும் என்று சிறிய தந்தையார் ஒரு பக்கத்தில் எழுதிவைத்தார். சிற்றன்னையார் அதனை அடித்துவிட்டார். தஞ்சையினின்று ஒருவர் மூன்றே கால் இலட்சத்திற்குக் கேட்டிருக்கின்றார். மகளின் முதலாண்டுக் கட்டணத்திற்கு அது போதும். கிறிஸ்துமசுக்கு முன் விடை கூறவேண்டுமென்பது சிற்றன்னையாரின் கட்டளை. சிறிய தந்தையார் ஒன்றும் கூறவில்லை. சென்ற சனிக்கிழமையன்று பின்பக்கப் பிரேக்குகளைக் கழற்றித் திண்ணையிற் பரப்பி வைத்திருக்கின்றார். அவற்றை மீளப் பூட்டினாலன்றித் தஞ்சைக்காரர் ஓட்டிப் பார்த்தல் இயலாது.