அசையாத ஜெட்டுக்குப் பின்னால்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கினால் சில சமயம் கொல்லைப்புறத்தில் வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டியான ஹாட் டப்பும் சேர்ந்தே வரும். மூடியைத் திறந்து மோட்டாரைப் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தால் இரண்டு மூன்று அசையாது. மற்றவைதான் ஓடுகின்றனவே என்று விட்டுவிடத் தோன்றும். விடக் கூடாது.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்பு. உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். ஜெட்டில் சுழலும் பகுதிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் அது சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்கிறது. மூடிய நிலையில் ஜெட் இறுகிவிட்டால், பின்னாலுள்ள குழாயில் தண்ணீர் தேங்கும். குளோரினும் சரியாகப் போய்ச் சேராது. உள்சுவரில் வழுவழுப்புப் படரும். லெஜியோனெல்லா கிருமி குடியேற அது போதும். 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் அதற்குத் தோதான வெப்பம். ஹாட் டப்புக்கு அனுமதித்த உச்சமோ 40. ஜெட் கிளப்பும் நுண்துளிகளோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம்.

தொட்டியில் இறங்க வேண்டும் என்றுகூட இல்லை. 1999-ல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு ஓடவிட்டிருந்த தொட்டியிலிருந்து பரவிய இந்தக் கிருமியால் குறைந்தது 32 பேர் இறந்தார்கள். 2019-ல் வட கரோலினாவில் நடந்த ஒரு பொருட்காட்சியிலும் இதே கதை. 4 பேர் இறந்தார்கள். தொட்டிகளுக்குப் பக்கத்தில் நடந்துபோனதுதான் அவர்கள் செய்தது.

ஜெட்டைக் கழற்ற இறங்குமுன் முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. பெரும்பாலான தொட்டிகள் 240 வோல்ட்டில் ஓடுபவை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில், தொட்டியிலிருந்து 5 அடியாவது தள்ளித் தனி சுவிட்ச் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மின்விதி. பழைய தொட்டியில் அது இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஜெட் காத்திருக்கும்.

பிறகு தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரால் நன்றாக அலசுங்கள். சுண்ணாம்பைக் கரைக்க வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் போதும். ஆனால் குளோரினோடு வினிகர் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். அலசாமல் ஊற்றவே கூடாது. துணியை வினிகரில் நனைத்து ஜெட்டுக்குள் திணித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் ரப்பர் கையுறை போட்டு, கையாலேயே இடமும் வலமுமாக அசையுங்கள். பல ஜெட்கள் இடப்பக்கமாகத் திருகினால் வரும், சில நேராக இழுத்தால் வரும்; மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள். வருஷக்கணக்கில் குளோரின் தின்ற பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். உள்பாகம் உடைந்தால் வேறு வாங்கலாம். பின்னால் பசைபோட்டு ஒட்டிய கூடு விரிசல் விட்டால் தொட்டியைப் பின்புறம் பிரிக்க வேண்டிவரும். பெட்ரோலிய எண்ணெயும் ஆகாது, ரப்பர் வளையங்கள் ஊதிவிடும். சிலிகான் கிரீஸ் பூசுங்கள்.

தொட்டி காலியாக இருக்கும்போதே, பம்ப் தண்ணீரை உறிஞ்சும் துவாரத்தின் மூடியையும் பாருங்கள். 2002-ல் வர்ஜீனியாவில் கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி ஹாட் டப்பின் அடியில் அந்த உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. தாயால் இழுக்க முடியவில்லை. ஆண்கள் இருவர் சேர்ந்து இழுத்தபோது மூடி உடைந்துதான் உடல் வந்தது. அவள் பெயரில் 2007-ல் வந்த சட்டப்படி, அமெரிக்காவில் விற்கும் மூடிகள் உறிஞ்சலில் ஆளைச் சிக்கவைக்காத தரத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் தாங்கும் என்பது மூடியிலேயே பொறித்திருக்கும். தட்டையான பழைய மூடி என்றால், ஜெட்டுக்கு முன் அதை மாற்றுங்கள்.

'வேறு கம்பெனி பாகம் போட்டீர்கள், வாரண்டி போச்சு' என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். 1975-ன் மாக்னசன்-மாஸ் சட்டப்படி, அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்டாமல் வாரண்டியை மறுக்க முடியாது. புகாரை மத்திய வர்த்தக ஆணையத்துக்கு அனுப்பலாம். இன்னொன்று: வீடு வாங்கும்போது வழக்கமான வீட்டுப் பரிசோதனையில் ஹாட் டப் பெரும்பாலும் சேராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

குளித்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். லெஜியோனெல்லாவுக்கென்று தனியாகச் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது, சந்தேகப்பட்டால்தான் எழுதுவார்கள்.