பழகிய மூளைக்கு ஒரு மாத்திரை

புதுப் பெட்டிக்குள் விடப்பட்ட சுண்டெலி மூலை மூலையாக முகர்ந்து பார்க்கிறது. ஒரு சத்தம், உடனே காலில் சுருக்கென்று லேசான மின்அதிர்ச்சி. மறுநாள் அதே பெட்டிக்குள் விட்டால், சத்தமே இல்லாவிட்டாலும் அசையாமல் நின்றுவிடும். இது ஆகாத இடம் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கூல்டின் குழு இந்தப் பழைய சோதனையை நிகோடினோடு சேர்த்துச் செய்தது. சுண்டெலிகளின் தோலுக்கடியில் குட்டிப் பம்பு வைத்து நாள்கணக்கில் நிகோடின் செலுத்தினார்கள். பிறகு பம்பை எடுத்துவிட்டுப் பயிற்சி கொடுத்தால், பெட்டி அவற்றின் மனதில் சரியாகப் பதியவில்லை. உறைந்து நிற்க வேண்டிய எலிகள் உலாவின. சிகரெட்டை விட்ட புதிதில், ‘ஒரு வேலையிலும் மனசு நிற்க மாட்டேங்குது’ என்று புலம்புபவர்கள் நினைவுக்கு வரலாம். வரெனிக்லின் என்ற மருந்தைக் கொடுத்தபோது அந்த மறதி வரவில்லை. 2008-இல் வெளியான ஆய்வு இது.

வரெனிக்லின், புகையை விட உதவும் மாத்திரையாக 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் மூதாதை சைட்டிசின். நம் சரக்கொன்றைபோல மஞ்சள் பூச்சரம் தொங்கும் லேபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தில் இருப்பது. விதை நஞ்சு.

மூளையில் நிகோடின் வந்து உட்காரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அங்கே உட்கார்ந்தால் டோபமைன் சுரந்து சுகம் தட்டும். வரெனிக்லினும் அதே இடத்தில்தான் உட்காரும். ஆனால் பாதிச் சுகம்தான் தரும். பஸ் சீட்டில் முதலிலேயே துண்டு போட்டுவிடுவதால், பின்னால் வரும் நிகோடினுக்கு இடமும் இருக்காது.

விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. தொடர்ந்து நிகோடின் ஏறிய விலங்குகளின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது என்று 1983-இலேயே கண்டார்கள். புகைப்பவர்களின் மூளையிலும் அப்படித்தான். விட்டபின் பழைய நிலைக்கு வர வாரக்கணக்காகும். ஆகவே நிகோடின் அறியாத மூளைக்கு இந்த மாத்திரை ஒரு மிதமான நிகோடின் போலத்தான். பழகிய மூளைக்கோ அது பாதி ஆறுதல், பாதி தடுப்பு. மனிதர்களிடம் நடந்த தொடக்கச் சோதனைகளிலும் புகைப்பவர்கள் தாங்கிய அளவைப் புகைக்காதவர்கள் தாங்கவில்லை; குமட்டலும் வாந்தியும் வந்தன.

எலிக்கு டீக்கடை கிடையாது, தீப்பெட்டி நீட்டும் நண்பனும் கிடையாது. அதனால் எலி சொல்வது பாதிக் கதைதான். ஆனால் மருந்தைச் சோதிக்கும் விலங்கு ஏற்கெனவே நிகோடின் கண்டதா என்று கேட்காமல் முடிவைப் படிப்பதில் அர்த்தமில்லை.

மருத்துவர்கள் எழுதித் தரும் முறையிலும் இந்தப் பழக்கக் கணக்கு இருக்கிறது. முதல் 3 நாள் தினம் ஒரு வேளை அரை மில்லிகிராம், அடுத்த 4 நாள் இரு வேளை, பிறகு 1 மில்லிகிராம் இரு வேளை, மொத்தம் 12 வாரம். அந்த முதல் வாரத்தில் சிகரெட்டை நிறுத்த வேண்டியதில்லை. வழக்கமாக எட்டாம் நாளில்தான் அது நிற்கிறது.