மூன்று எழுத்தில் ஒரு செய்தி

மலையில் பெருமழை பிடித்தால் முதலில் போவது கரண்ட். அடுத்துப் போவது போன். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். மரம் சாயும். கம்பி அறும். செல்போன் கோபுரத்தில் பேட்டரி தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். ரோட்டில் மண் சரிந்து கிடக்கும். அப்போது ஓர் ஊர் தனித் தீவு போல ஆகிவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு அப்படித்தான் நடந்தது. இடுக்கி மாவட்டத்தில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடி என்ற இடம் உள்ளது. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் இருந்தன. அவற்றின் மேல் மலை சரிந்து விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தாரும். அன்று அங்கே மின்சாரம் இல்லை. போன் தொடர்பும் இல்லை. செய்தி வெளியே எட்டும்போது மறுநாள் காலை ஆகிவிட்டது.

நேரத்தில் போய்ச் சேரும் செய்தி உயிரைக் காக்கும். கம்பியும் வேண்டாம், செல்போன் கோபுரமும் வேண்டாம் என்று செய்தி அனுப்ப ஒரு வழி உண்டு. அதுதான் வயர்லெஸ். அந்த வயர்லெஸ்ஸுக்கு என்று ஒரு சுருக்க மொழி இருக்கிறது. மூன்றே எழுத்தில் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லும் மொழி அது.

வயர்லெஸ் எப்படி வேலை செய்கிறது?

போலீஸ்காரர் கையில் வாக்கி டாக்கி இருக்கும். வனக் காவலர்களும் அதை வைத்திருப்பார்கள். அதுவும் ஒரு வயர்லெஸ் கருவிதான். பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். பொத்தானை விட்டால்தான் மற்றவர் பேசுவது கேட்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் பேச முடியாது. அதனால்தான் பேசி முடித்ததும் "ஓவர்" என்கிறார்கள். "நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள் பேசலாம்" என்பது அதன் பொருள்.

வாக்கி டாக்கியின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். நடுவில் மலை வந்தால் தடைப்படும். பாலக்காட்டுக்கும் மூணாறுக்கும் நடுவே ஆனைமலைத் தொடர் நிற்கிறது. அதனால் உயரமான மலை உச்சியில் ஒரு கருவியை வைப்பார்கள். அது ஒரு பக்கத்துச் செய்தியை வாங்கி மறு பக்கத்துக்கு அனுப்பும். வேறு வகை அலைகளும் உண்டு. அவை வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி வரும். அவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தூரத்துக்கும் பேசலாம்.

ஆனால் ஒரு தொல்லை இருக்கிறது. மின்னல் வெட்டினால் கரகரவென்று இரையும். வேறு யாராவது குறுக்கே பேசுவார்கள். குரல் தேய்ந்து போகும். பேட்டரியும் குறைந்துகொண்டே வரும். அந்த நிலையில் நீட்டி முழக்கிப் பேச முடியாது. சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகவும் தவறில்லாமலும் சொல்ல வேண்டும்.

குறிலும் நெடிலும்

வயர்லெஸ் வந்த புதிதில் அதில் குரல் போகவில்லை. வெறும் ஒலிதான் போனது. அந்த ஒலி இரண்டு வகை. ஒன்று குறுகிய ஒலி, மற்றொன்று நீண்ட ஒலி. தமிழில் குறில், நெடில் இருப்பதைப் போல. இந்த இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஓர் ஒலிக்குறி வைத்தார்கள். இதற்கு மோர்ஸ் முறை என்று பெயர். தந்தி ஆபீசில் கேட்ட "கட்டுக் கடகட" சத்தம் இதுதான். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் இருந்தது. அதனால் மக்கள் சுருக்கி எழுதினார்கள். திருமண வாழ்த்து, பண்டிகை வாழ்த்து ஆகியவற்றுக்கு எண்களே இருந்தன. அனுப்புகிறவர் ஓர் எண்ணைக் குறித்தால் போதும். வாங்குகிறவருக்கு முழு வாழ்த்தும் போய்ச் சேரும். வயர்லெஸ் சுருக்க மொழியும் இதே வழியில் வந்ததுதான்.

ஏன் க்யூ?

சுமார் 1909ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பட்டியல் தயாரானது. கப்பல்களும் கரையில் உள்ள நிலையங்களும் பேசிக்கொள்வதற்காக அதைத் தயாரித்தார்கள். கப்பலில் ஆங்கிலேயர் இருப்பார். கரையில் பிரெஞ்சுக்காரர் இருப்பார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவர் கையிலும் ஒரே பட்டியல் இருந்தால் போதும், காரியம் நடந்துவிடும். 1912இல் லண்டனில் பல நாடுகள் கூடி இதை ஏற்றுக்கொண்டன.

இந்தக் குறிகள் எல்லாம் க்யூ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் க்யூவில் தொடங்கும் சொற்கள் குறைவு. எந்த நாட்டு வயர்லெஸ் நிலையத்தின் பெயரும் க்யூவில் தொடங்காது. ஆகவே க்யூ என்று காதில் விழுந்தாலே, அடுத்து வருவது குறி என்று புரிந்துவிடும்.

சில குறிகளும் அவற்றின் பொருளும்:

க்யூ.டி.ஹெச். – நான் இருக்கும் இடம் இது.
க்யூ.ஆர்.எம். – வேறு நிலையங்கள் குறுக்கிடுகின்றன.
க்யூ.ஆர்.என். – இடி மின்னலால் இரைச்சல் வருகிறது.
க்யூ.எஸ்.பி. (இதில் மூன்றாவது எழுத்து, பிளேனில் வரும் 'பி') – உங்கள் செய்தியை இன்னொருவருக்குச் சேர்ப்பேன்.
க்யூ.ஆர்.எக்ஸ். – சற்றுப் பொறுங்கள், மறுபடி அழைக்கிறேன்.
க்யூ.ஆர்.எஸ். – மெதுவாக அனுப்புங்கள்.
க்யூ.எஸ்.எல். – உங்கள் செய்தி கிடைத்தது.
க்யூ.ஆர்.டி. – அனுப்புவதை நிறுத்துகிறேன்.

இதே குறியைக் கேள்வியாகவும் கேட்கலாம். "க்யூ.டி.ஹெச்.?" என்றால் "உங்கள் இடம் எது?" என்று பொருள். "க்யூ.டி.ஹெச். மறையூர்" என்றால் "நான் மறையூரில் இருக்கிறேன்" என்று பொருள். கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே குறிதான்.

க்யூ.ஆர்.எஸ். என்ற குறியில் ஒரு நல்ல பழக்கம் அடங்கியிருக்கிறது. புதிதாகக் கற்றவர் இந்தக் குறியை அனுப்பினால், எதிரில் இருப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். மெதுவாக அனுப்பச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஓர் உதாரணம்

மூணாறில் ஒரு நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதன் ஒலி பாலக்காட்டுக்கு எட்டவில்லை. நடுவில் வால்பாறையில் இருப்பவருக்குக் கேட்கிறது.

மூணாறு: "பாலக்காட்டுக்கு ஒரு செய்தி இருக்கிறது சார். க்யூ.எஸ்.பி. முடியுமா? ஓவர்."

வால்பாறை: "முடியும் சார். இங்கே க்யூ.ஆர்.என். அதிகம். க்யூ.ஆர்.எஸ். ஓவர்."

மூணாறு: "ராஜாக்காடு முகாமுக்கு மருந்து வேண்டும். ஊர் பெயர் ரா, ஜா, க்கா, டு. ஓவர்."

வால்பாறை: "ரா, ஜா, க்கா, டு. ராஜாக்காடு முகாமுக்கு மருந்து வேண்டும். க்யூ.எஸ்.எல். ஓவர்."

ஊர் பெயரை ஏன் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும்? இடுக்கி மாவட்டத்தில் ராஜமலை இருக்கிறது. ராஜாக்காடு இருக்கிறது. ராஜகுமாரியும் இருக்கிறது. இரைச்சலில் "ராஜா" மட்டும் காதில் விழுந்தால் மருந்து வேறு ஊருக்குப் போய்விடும். கேட்டவர் செய்தியைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லக் கூடாது.

இது ரகசிய மொழியா?

இல்லை. க்யூ குறிகளின் பட்டியல் யாருக்கும் கிடைக்கும். உலகம் முழுவதும் ஒரே பொருள்தான். ரகசியக் குறி மறைப்பதற்காக உள்ளது. இந்தக் குறி எல்லோருக்கும் புரிவதற்காக உள்ளது. எல்லைப் பகுதியில் ஒருவர் தமிழ் பேசுவார், ஒருவர் மலையாளம் பேசுவார். ஜப்பானில் இருப்பவர் வேறு மொழி பேசுவார். க்யூ.டி.ஹெச். என்றால் மூவருக்கும் ஒன்றுதான். இன்றும் விமானம் இறங்கும் முன் விமானி க்யூ.என்.ஹெச். கேட்டு அறிகிறார். காற்றழுத்த அளவைச் சொல்லும் குறி அது. அதை வைத்துத்தான் விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

கேட்க ஒருவர் வேண்டும்

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அது வயர்லெஸ்ஸில் உதவி கேட்டது. எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துக் குறியையும் அனுப்பியது. மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். அருகில் வேறொரு கப்பல் இருந்தது. ஆனால் அதன் வயர்லெஸ் ஊழியர் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தார். தூரத்தில் இருந்த கார்பாத்தியா கப்பல் குறியைக் கேட்டு வந்தது. 700க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. 1,500க்கு மேல் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் வயர்லெஸ் கேட்க ஆள் வேண்டும் என்று நாடுகள் விதி செய்தன.

இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி சில நண்பர்களுடன் அந்தமான் போயிருந்தார். வயர்லெஸ் நிலையம் அமைக்க அனுமதி பெற்றுப் போயிருந்தார். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. போன்கள் நின்றன. அவர்கள் தங்கள் கருவிகளைக் கொண்டு தீவுகளில் இருந்தவர்களின் நிலையை வெளியே தெரிவித்தார்கள். வீட்டில் காத்திருந்த பலருக்கு அப்படித்தான் சேதி கிடைத்தது.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். நெல்லியாம்பதி போகும் மலைப்பாதை சரிந்து அந்த ஊர் துண்டானது. இடுக்கியிலும் பல இடங்களில் மண் சரிந்தது. அந்த நாட்களில் கேரளத்தின் பல ஊர்களில் வயர்லெஸ் ஆர்வலர்கள் உதவினார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோதும், கல்பற்றா கலெக்டர் அலுவலகத்தில் நிலையம் வைத்துச் செய்தி சேர்த்தார்கள்.

யார் கற்கலாம்?

இப்படிச் சம்பளம் வாங்காமல் ஆர்வத்தால் வயர்லெஸ் நடத்துகிறவர்களை ஹாம் என்று அழைக்கிறார்கள். 12 வயது நிரம்பியவர் ஹாம் ஆகலாம். மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் ஹாம் அலையில் பேசுவது குற்றம். வியாபாரம் பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. உரிமம் பெற்றவருக்கு அரசு ஓர் அழைப்புப் பெயர் தரும். இந்திய ஹாம்களின் அழைப்புப் பெயர் வி.யூ. என்று தொடங்கும். விடைபெறும்போது அவர்கள் 73 என்று சொல்வார்கள். "நல்வாழ்த்துகள்" என்று அர்த்தம்.

எல்லோரும் ஹாம் ஆக வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய முறை எல்லோருக்கும் உதவும். ஆபத்தில் 112க்கோ, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கோ போன் செய்யும்போது பதற்றத்தில் வார்த்தை குழறும். அதனால் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளலாம்:

1. எந்த இடம்? ஊர், எஸ்டேட், லயம்.
2. என்ன நடந்தது?
3. எத்தனை பேர்?
4. என்ன உதவி வேண்டும்?

இடத்தை முதலில் சொல்ல வேண்டும். லைன் பாதியில் அறுந்தாலும், எங்கே வர வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பிறகு, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே இந்த எண்களையும், லயத்தின் பெயரையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வைக்கலாம். படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் செய்தி சொல்லிவிடுவார்கள்.