புகைக்குப் பதில் நீர்!

பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நிற்கையில், கடந்து செல்லும் வண்டி கக்கிவிட்டுப் போகும் கரும்புகைக்கு அஞ்சி, கைக்குட்டையாலோ துப்பட்டியின் ஓரத்தாலோ மூக்கைப் பொத்திக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இல்லாமலிராது. அவ்வண்டியின் புகைக்குழாயிலிருந்து புகைக்குப் பதிலாக நீர் மட்டும் சொட்டினால் எப்படியிருக்கும்?

இது கற்பனையன்று, வாசகர்களே! ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 2014 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'மிராய்' என்னும் காரின் கழிவு அந்நீர்தான். 'மிராய்' என்றால் ஜப்பானிய மொழியில் 'எதிர்காலம்' என்று பொருள். தேங்கிய நீரை வேண்டும்போது வெளியேற்ற, ஓட்டுநரின் கையருகே ஒரு பொத்தானே வைத்திருக்கிறார்கள்.

இந்த நீர் எங்கிருந்து வருகின்றது? பள்ளியில் படித்த பாடத்தைச் சற்று நினைவுகூருங்கள். நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் இரு வாயுக்களாகப் பிரிகின்றது. அப்படியானால், அவ்விரண்டையும் மீண்டும் சேர்த்தால் மின்சாரம் திரும்பக் கிடைக்குமா? 'கிடைக்கும்' என்று 1842இல் தம் வாயு மின்கலத்தால் செய்து காட்டியவர் வேல்ஸ் நாட்டின் வில்லியம் குரோவ். இவர் தொழிலால் வழக்கறிஞர். பின்னாளில் நீதிபதியாகவும் அமர்ந்தவர்! நூறாண்டுகளுக்கு மேல் அது ஆய்வுக்கூடத்து விந்தையாகவே கிடந்தது. 1960களில் அமெரிக்க விண்கலங்கள்தாம் அதற்கு வேலை கொடுத்தன. சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களில் மின்சாரம் தந்ததும் இதுவே. வீரர்களின் தாகம் தீர்த்த நீரைத் தந்ததும் இதுவே.

இனிக் காருக்குள் நடப்பதைப் பார்ப்போம். இங்கே எதுவும் எரிவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்று. அதன் இருபுறமும் பிளாட்டினத் துகள்களின் பூச்சு. ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் நாம் சுவாசிக்கும் காற்றும் வந்து சேர்கின்றன. பிளாட்டினத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் அணு, புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகின்றது. ஏடோ கண்டிப்பான வாயிற்காவலன். புரோட்டானை உள்ளே விடும், எலக்ட்ரானை விடாது. பாவம், எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபுறம் போக வேண்டும். அந்தச் சுற்றுவழியில்தான் மோட்டாரைப் பொருத்தியிருக்கிறார்கள். எலக்ட்ரானின் ஓட்டம் காரை ஓட்டுகின்றது. மறுபுறம் சேர்ந்தபின் அனைத்தும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடி நீராகின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ நீர்! ஒரு கலம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே முதல் மிராயில் 370 கலங்களை அடுக்கினார்கள். அதன் விலை 72 லட்சம் யென்னைத் தாண்டியதில் வியப்பில்லை.

ஹைட்ரஜனை நிரப்புவதும் எளிதே. காற்றழுத்தத்தைப்போல் 700 மடங்கு அழுத்தத்தில், கார்பன் இழை சுற்றிய தொட்டிகளில் ஏறத்தாழ 5 கிலோ ஹைட்ரஜனை மூன்று நிமிடங்களில் ஏற்றிவிடலாம். அமெரிக்கச் சோதனைக் கணக்கின்படி அது சுமார் 500 கிலோமீட்டருக்குப் போதும். 'வெடித்துவிடாதா?' என்று கேட்பீர்கள். காரின் தொட்டிகள் கடுஞ்சோதனைகளைக் கடந்தவை. ஆனால் 2019 ஜூனில் நார்வேயில், ஆஸ்லோவுக்கு அருகே ஹைட்ரஜன் நிலையம் ஒன்றே வெடித்தது. காரணம், சரியாக முடுக்கப்படாத போல்ட்டுகள்!

எல்லாம் சரி. அந்த ஹைட்ரஜன் எங்கே பிறந்தது? புகைக்குழாயைக் குனிந்து பார்ப்பவர் கேட்க மறக்கும் கேள்வி இது. இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கப்படுகின்றது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுக்கையில் ஒன்பது கிலோவுக்குக் குறையாமல் கரியமில வாயு ஆலையிலிருந்து வெளியேறுகின்றது. அந்த ஒரு கிலோவில் மிராய் 100 கிலோமீட்டர் ஓடுகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. ஆகவே, லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் சாதாரணப் பெட்ரோல் கார் விடுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! நகரத்துக் குழந்தையின் நுரையீரலுக்கு மிராய் நன்மையே, சந்தேகமில்லை. சூடேறும் பூமிக்கோ இதனால் பெரிய ஆறுதல் இல்லை.

சூரிய ஒளி, காற்று ஆகியவற்றின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். இதையே 'பசுமை ஹைட்ரஜன்' என்கிறார்கள். ஆனால் ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதே 50 யூனிட்டை நேராக பேட்டரி காரில் ஏற்றினால் அது 300 கிலோமீட்டர் வரை ஓடும். வீட்டு மின்கட்டணச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடும் இல்லத்தரசிக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

நம்பி வாங்கியவர்களின் நிலை என்ன? கலிபோர்னியாவில் கார்களுக்கென இருந்த தன் ஹைட்ரஜன் நிலையங்களை நிரந்தரமாக மூடுவதாக ஷெல் நிறுவனம் 2024இல் அறிவித்தது. பேட்டரி காரை வீட்டுச் சுவரிலேயே செருகிக்கொள்ளலாம். ஹைட்ரஜன் காருக்கு நிலையம் இல்லையேல் அது வாசலில் நிற்கும் அலங்காரப் பொருள்தான்.

எனவே சொந்தக் காருக்கு இது பொருந்தும் என்று நமக்குத் தோன்றவில்லை. நாள் முழுதும் ஓட வேண்டிய பேருந்து, பாரம் சுமக்கும் லாரி ஆகியவற்றின் கதை வேறு. அவற்றுக்குப் பேட்டரியின் எடையே ஒரு சுமை; மின்னேற்றக் காத்திருக்கும் நேரமோ நஷ்டம். ஒரே பணிமனைக்குத் திரும்புவனவாதலால் ஒரு நிலையமே போதும். இந்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கித் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பசுமை ஹைட்ரஜன் பேருந்து டெல்லியில் ஓடத் தொடங்கியது.

வளைகுடாவில் உழைக்கும் பிள்ளையோ கணவரோ உள்ள வீட்டார் அந்நாட்டு வெயிலைப்பற்றித் தொலைபேசியில் கேட்டிருப்பீர்கள். அந்த வெயிலையே மூலதனமாக்கி, சவூதி அரேபியாவின் நியோமில் நாளொன்றுக்கு 600 டன் வரை பசுமை ஹைட்ரஜன் எடுக்க ஓர் ஆலை திட்டமிடப்பட்டது. 840 கோடி டாலர் மதிப்புள்ள அத்திட்டத்துக்கான நிதி ஏற்பாடு 2023இல் முடிந்தது. எண்ணெய் ஏற்றி வந்த துறைமுகங்களுக்கே இந்த ஹைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் கப்பலில் அனுப்புவது அவர்களின் எண்ணம்.